படத்தில் இல்லாத வசனம்

மருந்து அட்டைப்பெட்டிகள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் பிழை பார்ப்பது அவருடைய வேலை. ஒரு புள்ளி இடம் மாறினால் மாத்திரையின் அளவே மாறிவிடும் என்பதால், சொந்தமாக ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்க அங்கே அவருக்கு உரிமை கிடையாது. அனுப்பியவர்கள் எழுதிக் கொடுத்ததையும் அச்சாகி வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோலை வரிக்கடியில் நகர்த்தி நகர்த்தி, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். காற்புள்ளியைக்கூட விடமாட்டார் என்று கூட வேலை செய்பவர்கள் அவருக்குக் கமாக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவி மட்டும், "உங்களுக்கு முற்றுப்புள்ளின்னுதான் பேர் வச்சிருக்கணும், வாயத் தொறந்தாதானே" என்பாள்.

அவர் வாய் திறக்காமல் இருந்த நேரமெல்லாம் மண்டைக்குள் படம் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் தனக்குப் பாஷை தெரியாத தேசங்களின் பழைய படங்கள். பார்த்து முடித்த படத்தை அவரால் சும்மா விட முடியாது. எடுத்துக் கலைத்து மறுபடி அடுக்குவார். இரண்டு கிழவர்கள் ஒரு பியானோவைத் திருடிக்கொண்டு மலை இறங்கும் படம் ஒன்று அவருக்கு உயிர். அந்தப் பியானோவைக் குளிர்சாதனப் பெட்டியாக மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று வாரக்கணக்கில் யோசித்திருக்கிறார். பியானோ திருடுகிறவனைப் பார்த்தால் சிரிப்பு வரும். குளிர்சாதனப் பெட்டி திருடுகிறவனைப் பார்த்தால், உள்ளே என்ன இருந்தது, யாருக்காக எடுத்துப் போகிறான் என்று கேட்கத் தோன்றும். படமே வேறாகிவிடும். காவல் கூண்டில் இரண்டு சிப்பாய்கள் ஒரே சோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் போர்ப்படத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். சிப்பாய்களைத் தாதிகளாக்கினார். அச்சக மேலாளருக்குப் பெரிய டாக்டர் வேஷம் கொடுத்து, இரண்டாவது காட்சியிலேயே வேலையை விட்டுத் தூக்கினார். அதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி.

ஒரே ஒரு படத்தை மட்டும் அவர் தொட்டதில்லை. ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டிக் கிழவன் ஒருவன், ஆண்டுக்கணக்காகத் தன்னோடு பேச்சில்லாத மகளைத் தேடி நகரத்துக்குப் போகிறான். படி ஏறுகிறான். கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். "இந்தப் பக்கமா வந்தேன்" என்று ஒரு பொய் சொல்கிறான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கதவை மூடிவிடுகிறாள். மூடிய கதவிலேயே படம் நெடுநேரம் நிற்கும், ஒரு சத்தம் இருக்காது, அப்படியே முடிந்துவிடும். இதை யாராவது மறுபடி எடுக்கிறேன் பேர்வழி என்று அந்த முடிவில் கை வைத்தால் கையை ஒடிக்க வேண்டும் என்று அவர் தேநீர் இடைவேளையில் சொல்லியிருக்கிறார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அதற்கு முன் இல்லை என்பதால் எல்லோருக்கும் அது நினைவிருந்தது.

கடைசியில் அந்த முடிவில் கை வைத்தது அவரேதான்.

மனைவியின் அண்ணன், அவருக்கு மச்சான், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் வண்டி பழகினார்கள். கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு செத்து, ஓரத்திலிருந்து இருட்டு நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தது. முழுக்க மூடியபின் தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கமாக்காரர் கூடத்தில் படம் பார்க்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவார். என்ன நடக்கிறது என்று கேட்பார். அப்படித்தான் அது ஆரம்பித்தது. திரையில் நடப்பதைச் சொல்லி, அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை வாசித்துக் காட்டுவது கமாக்காரரின் வேலையாயிற்று.

"மாப்பிள்ளை, லைட்ட அணைங்க. தியேட்டர் மாதிரி இருக்கட்டும்" என்பார் மச்சான். அவரே சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். விறுவிறுப்பான காட்சி வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம்.

முதலில் கமாக்காரர் செய்தது சின்னத் திருத்தம். ஒரு வரி மொழிபெயர்ப்பில் அசிங்கமாக இருந்தது, அதைச் சீராக்கி வாசித்தார். மச்சான், "அடடா, என்ன வசனம்" என்றார். அந்த ஒரு சொல் கமாக்காரரின் நெஞ்சுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. ஊரில் யாரும் கேட்காத கதைகளை இத்தனை காலம் சுமந்தவருக்கு, கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். அதுவும் சரிபார்க்க முடியாத ஆள். அடுத்த வாரம் ஒரு காட்சியை மாற்றினார். அதற்கடுத்த வாரம் ஒரு பாத்திரத்தையே மாற்றினார். திரையில் ஒன்று ஓடும், வாயில் வேறொன்று ஓடும். கேட்கிற சத்தத்துக்கு ஒத்துப்போக வேண்டும், அது ஒன்றுதான் கட்டுப்பாடு. அவருக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது.

ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். துப்பாக்கி வெடித்த இடத்தில், அந்த ஆளைச் சாகவிட மனம் வராமல், லாரி டயர் வெடித்தது என்று சொல்லிவிட்டார். மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது டயர் இல்ல மாப்பிள்ளை. டயர் வெடிச்சா இப்படி வெடிக்காது."

"அந்தக் காலத்துப் பதிவு மச்சான். சத்தம் சரியா இருக்காது" என்று சமாளித்தார். மச்சான் ஒத்துக்கொண்டார். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் கொஞ்ச நேரம் இருந்தது. அன்று கமாக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததோடு சரி. அடுத்த ஞாயிறு மறுபடி மாற்றத்தான் செய்தார்.

மனைவிக்குத் தெரியும். தேநீர் டம்ளர்களோடு பின்னால் வந்து நின்றவள், திரையின் அடியில் ஓடியதையும் கணவன் வாசித்ததையும் சேர்த்துப் பார்த்துவிட்டாள். டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள். பிறகு பாத்திரம் துலக்கும்போது, குழாய்ச் சத்தத்துக்குள், அங்கே எழுதியிருந்ததை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள். கேட்கிற மனுஷனுக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமே என்றார். யாருக்குச் சந்தோஷம் என்று அவள் திரும்பக் கேட்டாள். அவர் துணியை எடுத்து, காய்ந்திருந்த தட்டைத் துடைத்தார்.

மச்சானுக்கு ஒரு மகள். அவள் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று, மச்சான் ஒரு மாணவனோடு சாலையில் இருந்தார். பயிற்சி நேரத்தில் போனை அணைத்து வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவிடுவது அவருடைய கட்டுப்பாடு. மகள் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் முடிந்தபின், பத்துப் பேர் முன்னிலையில் அவள், அம்மாவைக் கொன்றது நீங்கள்தான் என்றாள். வீட்டை விட்டுப் போ என்றார் அவர். போய்விட்டாள். ஒருமுறை திரும்பி வந்தாள். அவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். அவருடைய இருமல் வாசல் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அத்தையோடு மட்டும் போனில் பேசுவாள்.

இதெல்லாம் தெரிந்தும் கமாக்காரர் அந்தப் படகோட்டிப் படத்தைப் போட்டார். ஏன் போட்டார் என்பதை அவர் பிறகு பல தடவை தனக்குள் கேட்டுப் பார்த்தார். தனக்கு மிகவும் பிடித்ததை மச்சானுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன் என்பது ஒரு பதில். அதில் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மை இல்லை. மச்சானின் முகம் அந்தப் படத்தைக் கேட்டு எப்படி மாறும் என்று பார்க்க ஆசைப்பட்டார். அவருடைய துக்கத்தை வைத்துப் படம் பார்க்க ஆசைப்பட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சூடாகும்.

அன்று படம் முழுக்க அவர் ஒரு வார்த்தை மாற்றவில்லை. துடுப்புச் சத்தம், தண்ணீர், படிகளில் செருப்பு. மச்சானின் கால் தரையை அழுத்தவேயில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. கிழவன் ஏதோ சொன்னான், கமாக்காரர் அதை வாசிக்க மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மௌனம். பிறகு கதவு மூடும் சத்தம். பிறகு, கமாக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்த நீண்ட நிசப்தம்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

கமாக்காரர் மூடிய கதவைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவ மூடிட்டா" என்றார்.

மச்சான் மூச்சு விட்டார். கிழவன் வாசலில் என்ன சொன்னான் என்று கேட்டார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் கைகொடுத்தது. கமாக்காரருக்குச் சட்டென்று ஒரு வசனம் வந்தது. அது நன்றாகவும் இருந்தது. அதுதான் கொடுமை.

"உள்ள வரணும்னு வரல. உன் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகலாம்னு வந்தேன்."

மச்சான் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே, மகளைப் பார்க்கப் போக வேண்டும், நீங்கள்தான் கூட வர வேண்டும் என்றார் மச்சான். மனைவி அடுக்களையில் வைத்துக் கமாக்காரரை வளைத்துக்கொண்டாள். அண்ணன் மகளிடம் போனில் பேசியிருந்தாள். அப்பா வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, தயவுசெய்து கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

"நான் சொன்னா எங்கண்ணன் கேக்கமாட்டாரு. படத்த நம்பித்தான் கிளம்புறாரு. அந்தப் படம் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

அந்த வாரம் முழுக்க அவர் சொல்லப் பார்த்தார். காலையில் மச்சானுக்குச் சவரம் செய்துவிடும்போது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மச்சானின் கன்னத்தில் நுரை இருந்தது, கழுத்துப் பக்கம் கத்தி இருந்தது, இப்போது வேண்டாம் என்று விட்டார். மாலையில் மச்சான் இஸ்திரி போட்ட சட்டையைத் தடவிப் பார்த்து, என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றார். அது உண்மையிலேயே நீலம்தான். ஆனால் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரியே இருந்தது. அச்சகத்தில் அந்த வாரம் ஒரு இருமல் மருந்துப் பெட்டியில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்' என்ற வரியை அளவுகோலோடு திரும்பத் திரும்பப் படித்தார். பிழை இல்லை. நகர்ந்து போகத்தான் முடியவில்லை.

ஞாயிறு காலை பேருந்தில் போனார்கள். மச்சான் கலகலப்பாக இருந்தார். ஓட்டுநர் கியர் மாற்றும் லட்சணத்தைக் கேட்டு, "இவன யார்யா பாஸ் பண்ணிவிட்டது" என்றார். நல்லவேளை நான் இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். கமாக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். வெளியே கட்டடங்களும் மரங்களும் போயின. எல்லாவற்றையும் விவரித்துச் சொல்வது வழக்கம். அன்று ஒன்றையும் சொல்லவில்லை. மச்சானும் கேட்கவில்லை.

மகள் ஒரு சலவைக்கடையின் மாடியில் குடியிருந்தாள். எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சு. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றார் மச்சான். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். குரலைத் தணித்துக்கொண்டு, ஒத்திகை பார்ப்பவர்போல, "உள்ள வரணும்னு வரல" என்று ஆரம்பித்து, பாதியில் நின்று, "அப்புறம் என்ன மாப்பிள்ளை? 'நின்னுட்டுப் போகலாம்னு'தானே? அந்த ஆளு சொன்ன மாதிரியே சொல்லிடணும். எனக்கு இதுக்கு மேல பேச வராது" என்றார்.

சலவைக்கடைக்குள் இயந்திரம் சுற்றும் சத்தம் சாலை தாண்டிக் கேட்டது. கமாக்காரர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஆளு அப்படிச் சொல்லல மச்சான்."

"பின்ன?"

"அது நான் சொன்னது. படத்துல இல்ல. அவன் 'இந்தப் பக்கமா வந்தேன்'னு மட்டும்தான் சொல்வான். அவ்வளவுதான்."

மச்சான் கைக்குட்டையை மடித்தார். நான்காக மடித்தார், பிறகு விரித்தார்.

"கதவு?"

"மூடிட்டா. அவன் வெளியதான் நிக்கிறான்."

ஒரு பேருந்து வந்து நின்று, யாரும் ஏறாமல், போயிற்று. மச்சான் அசையவில்லை. மௌனத்தை ரசிக்கத் தெரிந்த மனுஷன் என்று கமாக்காரருக்குத் தன்னைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது. அந்தப் பெஞ்சில் அது பொடிப்பொடியாயிற்று.

"அந்த டயர்?" என்றார் மச்சான்.

"துப்பாக்கி."

"நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க."

"செத்துட்டானா அந்த ஆளு?"

"செத்துட்டான்."

மச்சான் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு நொடி சிரித்துவிடுவார்போல இருந்தது. சிரிக்கவில்லை. மற்றப் படங்களும் இப்படித்தானா என்று கேட்டார். பெரும்பாலும் என்றார் கமாக்காரர். மச்சான் கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். மறுபடி பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

"பயிற்சி வண்டியில சில பேரு நல்லா ஓட்டுறதா நினைச்சுக்குவான். பக்கத்துல நான் பிரேக்க மிதிச்சுட்டே வரது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கு மூஞ்சி தொங்கிப்போயிடும். நானும் அப்படித்தான் வந்தேனா மாப்பிள்ளை?"

மன்னிப்பு கேட்டால் அதுவும் ஒரு வசனம்போல் ஆகிவிடும் என்று கமாக்காரர் பயந்தார். திரும்பிப் போய்விடலாம், அவள் வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள் என்று, மனைவி சொன்னது அத்தனையையும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஒரு வாரமாகச் சொல்லியிருக்க வேண்டியதைப் பெஞ்சில் வைத்துச் சொன்னார்.

மச்சான் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவ வந்தப்ப நான் கதவத் தொறக்கல. அது படம் இல்ல. கூட்டிட்டுப் போங்க."

சாலையைக் கடந்தார்கள். படிகளில் சோப்பு வாசனையும் வெந்த துணியின் ஆவியும் ஏறி வந்தன. மச்சான் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார். வழக்கமாகத் தோளில்தான் கை வைப்பார். மாடியில் நின்று, கமாக்காரர் மணியை அழுத்தும் முன், மச்சான் தணிந்த குரலில், அங்கே என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும், ஒன்றையும் சேர்க்கக் கூடாது என்றார்.

கதவு திறந்தது.

கமாக்காரர் அவளைக் கடைசியாகப் பார்த்தது இளம்பெண்ணாக. இப்போது தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். காதோரம் நரை. அவள் மாமாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், அவருடைய கண்களைப் பார்த்தாள், அவை தன்னைத் தாண்டி எங்கோ நிலைத்திருப்பதைப் பார்த்தாள். அத்தை சொல்லி அவளுக்குத் தெரியும்தான். நேரில் பார்ப்பது வேறு.

"சொல்லுங்க" என்றார் மச்சான்.

"தொறந்திருக்கா. ஒரு கை கதவுல இருக்கு. முடி வெட்டியிருக்கா. உங்களத்தான் பாக்கிறா."

"அழறாளா?"

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு எளிது. கண் கலங்கியிருக்கிறது என்று ஒரு சொல் போதும். எத்தனை படங்களில் அதை அவர் வாரி வாரிக் கொடுத்திருக்கிறார். அவளுடைய கண்கள் காய்ந்திருந்தன. பிழை பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தன.

"இல்ல" என்றார்.

மச்சானின் விரல்கள் முழங்கையில் இறுகின. "சிரிக்கிறாளா?"

"இல்ல மச்சான்."

"மாமா" என்றாள் அவள். "நான் இங்கதான நிக்கிறேன். என்னப் பத்தி என்கிட்டயே கேக்கச் சொல்லுங்க."

மச்சான் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். வாயைத் திறந்தார். வாரம் முழுக்க மனப்பாடம் செய்து வந்தது தொண்டையில் நின்றிருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. கமாக்காரரின் முழங்கையை விட்டுவிட்டு, கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"போன டேஷ்போர்டுக்குள்ள போட்டிருந்தேன்மா" என்றார். "எடுத்துப் பாக்கணும்னு தோணுச்சு. ஏதோ தோணுச்சு. எடுக்கல. பாடத்த முடிச்சிட்டுப் பாக்கலாம்னு விட்டேன்."

இது கமாக்காரருக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. மச்சான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. முகத்தில் ஏதோ நகர ஆரம்பித்தது. அது கோபமா வேறா என்று தெரியும் முன் கமாக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதைப் பார்க்கும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், படி இறங்கினார். பாதியில் மேலிருந்து அவள் குரல் ஏதோ கேட்டது, மச்சான் ஏதோ சொன்னார். கீழே இயந்திரத்தின் இரைச்சலில் சொற்கள் கரைந்துபோயின.

சலவைக்கடைக்காரப் பெண்மணி துணி மடித்துக்கொண்டே, மேலே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றார். நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

கதவு மூடியதா, மச்சானை உள்ளே விட்டு மூடியதா வெளியே விட்டு மூடியதா, எதுவும் அவர் காதில் விழவில்லை. மூடியிருந்தால் அந்த வலி தன் கணக்கில் வரும். அது நியாயம், சுமந்துகொள்ளலாம். திறந்தே இருந்தால்? அப்போது, என் வசனம்தானே இவரை இங்கே கொண்டுவந்தது என்று தன் நெஞ்சு ஒரு ஓரத்தில் பெருமையில் குதித்துவிடும். அதற்குத்தான் அவர் அதிகம் பயந்தார். இப்போதே அது மெல்லத் தலை தூக்கிக்கொண்டிருந்தது. மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள், கிழவர் கையால் தடவி அதைக் கண்டுபிடிப்பார் என்று காட்சி தானாகவே கட்டிக்கொண்டு போயிற்று.

கமாக்காரர் அந்தக் காட்சியை மேலே ஓடவிடாமல் தலையைக் குனிந்துகொண்டு, கடைக்காரம்மாவிடம், மடிப்பதற்குத் தானும் கொஞ்சம் துணி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.